ஃபோம் விமானத்தின் இறக்கை ஏன் மேலே மடங்குகிறது, எப்படி வலுவாக்குவது?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம். காகிதம் ஒட்டிய 5 மி.மீ. ஃபோம் போர்டை மடித்துச் செய்த 1.2 மீட்டர் நேர் இறக்கை. அகலம் 20 செ.மீ., மிகத் தடித்த இடத்தில் கனம் 2.5 செ.மீ. விமானத்தின் மொத்த எடை 900 கிராம், அதில் இறக்கை 250 கிராம். உள்ளே முன்னிருந்து பின்னாகச் சில ரிப்கள் (குறுக்குத் தடுப்புகள்), அவற்றின் நடுவே துளை போட்டு 4 மி.மீ. கார்பன் ராடு. மேல்பக்கம் முழுக்க டேப். உயரத்திலிருந்து டைவ் அடித்து எலிவேட்டரை (மூக்கை உயர்த்தும் வால் மடலை) இழுத்ததும் இரண்டு இறக்கையும் கைகூப்புவதுபோல் மேலே மடங்கி, விமானம் தரையில் குத்தியிருக்கிறது. ராடு உடையவே இல்லை. இன்னும் தடிமனான ராடு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்க வேண்டாம் தம்பி. "ராடு உடையவில்லை" என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது. இறக்கை மடங்கிய பிறகும் ராடு முழுசாக இருக்கிறதென்றால், பாரம் அதன்மேல் சரியாக வரவே இல்லை. ஃபோம் தனியாகச் சுமந்து, தனியாகத் தோற்றிருக்கிறது.

எவ்வளவு பாரம் என்று பார்ப்போம். நேராகப் பறக்கும்போது இறக்கை தூக்குவது விமானத்தின் எடையை மட்டும்தான். 60 டிகிரி சாய்த்து உயரம் இழக்காமல் திரும்பினால் அது இரண்டு மடங்காகிறது. டைவில் நொடிக்கு 20 மீட்டர் வேகம் வந்து, அங்கிருந்து 10 மீட்டர் ஆரத்தில் வளைத்து மேலே இழுத்தால் ஐந்து மடங்கு. நொடிக்கு 20 மீட்டர் என்பது மணிக்கு 72 கிலோமீட்டர். இந்த அளவு விமானம் டைவில் சுலபமாகத் தொட்டுவிடும் வேகம். ஆக, 5 ஜி, அதாவது எடையைப்போல் ஐந்து மடங்கு என்பதை நிஜமாக வரக்கூடிய பாரமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கை தன் எடையைத் தானே அந்தந்த இடத்தில் தூக்கிக்கொள்கிறது. நடுவில் தொங்கும் 650 கிராம்தான் அதை மடக்கப் பார்க்கிறது. அதன் ஐந்து மடங்கு 3250 கிராம். பக்கத்துக்கு 1625 கிராம். அரை இறக்கையின் நீளம் 60 செ.மீ., பாரம் சீராகப் பரவியிருக்கிறது என்று வைத்தால் அதன் மையம் 30 செ.மீ. தூரத்தில். பெருக்கிப் பாருங்கள்: இறக்கையின் அடியில், உடலோடு சேரும் இடத்தில், ஏறத்தாழ 49 கிலோ-செ.மீ. திருப்பு விசை. மடல்களை அசைக்கும் குட்டி மோட்டாரான சர்வோவை வாங்கும்போது பார்ப்போமே, அதே அலகு. நாம் பயன்படுத்தும் சின்ன 9 கிராம் சர்வோவின் விசை ஒன்றரை கிலோ-செ.மீ. அளவுதான் என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய எண் என்று தெரியும்.

இந்த 49-ஐ இறக்கை எப்படித் தாங்குகிறது? மேலே வளையும்போது அதன் மேல்தோல் அமுங்குகிறது, கீழ்த்தோல் இழுபடுகிறது. இந்த இரண்டு விசைகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அந்தத் தூரத்தால் 49-ஐ வகுக்க வேண்டும். 2.5 செ.மீ. தள்ளி இருந்தால் மேல்தோலில் சுமார் 20 கிலோ அமுக்கு, கீழ்த்தோலில் 20 கிலோ இழுப்பு. அதே இறக்கையை மடிக்காமல் 5 மி.மீ. தட்டைப் பலகையாகச் செய்திருந்தால் இரண்டும் 100 கிலோ அளவுக்கு ஏறிவிடும். மேலுக்கும் கீழுக்கும் சரிபாதியில் உள்ள நடுக்கோட்டில் இழுப்பும் இல்லை, அமுக்கும் இல்லை. உங்கள் ராடு போய் உட்கார்ந்திருக்கும் இடம் அதுதான்.

வாழைமட்டையைக் குறுக்கே வெட்டிப் பார்த்திருப்பீர்கள். வெளியே ஒரு தோல், உள்ளே ஒரு தோல், நடுவில் முழுக்கக் காற்று அறைகள். இரண்டு தோலும் நெருங்கிவிடாமலும் ஒன்றின்மேல் ஒன்று நழுவாமலும் பிடித்துக்கொள்ள மெல்லிய தடுப்புகள். வலுவெல்லாம் தோலில் இருக்கிறது. நடுவில் உள்ளது இடைவெளியைக் காக்கிறது. நம் ஃபோம் போர்டும் அப்படித்தான். காகிதத்தை உரித்துவிட்டு வெறும் ஃபோமை வளைத்தால் எவ்வளவு சீக்கிரம் முறிகிறது என்று பாருங்கள். ஆள் ஏறிப் பறக்கும் விமானத்திலேயே இந்த முறை உண்டு. அமெரிக்காவில் பர்ட் ருடான் வடிவமைத்து 1975-இல் பறந்த வேரிஈஸ் விமானத்தின் இறக்கை, சூடான கம்பியால் அறுத்த ஃபோம்தான். அதன்மேல் கண்ணாடி நார்த் துணியை எப்பாக்சியில் நனைத்துப் போர்த்தினார்கள். பாரத்தைச் சுமப்பது அந்த நார்த்தோல், வடிவத்தைக் காப்பது ஃபோம். வீட்டிலேயே விமானம் கட்டியவர்கள் நூற்றுக்கணக்கில் அந்த முறையில் கட்டிப் பறந்தார்கள். நம் வேலைக்கும் பாடம் ஒன்றுதான்: வலுவூட்டும் பொருளை மேலேயும் கீழேயும் எவ்வளவு வெளியே கொண்டுபோக முடியுமோ அவ்வளவு வெளியே வையுங்கள், இரண்டையும் நடுவில் ஒரு தடுப்பால் கட்டிப்போடுங்கள்.

இப்போது உங்கள் ராடுக்குப் பதிலாக என்ன என்று பார்ப்போம். கார்பனில் 3 மி.மீ. அகலம், 0.5 மி.மீ. கனம் கொண்ட பட்டை 1 மீட்டர் நீளத்தில் கிடைக்கிறது. இரண்டு வாங்குங்கள். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 6 செ.மீ. தள்ளி, அதாவது இறக்கை மிகத் தடித்திருக்கும் இடத்தில், மேலே ஒன்று கீழே ஒன்று. புதுக் கட்டர் பிளேடால் நீளவாக்கில் 3 மி.மீ. ஆழம் கீறி, பட்டையை நிமிர்த்தி உள்ளே அழுத்தி ஒட்டுங்கள். படுக்கப்போட்டு ஒட்டினால் மேலே உள்ள பட்டை அமுக்கத்தில் தோலை விட்டுக் கிளம்பி நெளியும். நிமிர்ந்து புதைந்திருந்தால் இரண்டு பக்கமும் ஃபோம் பிடித்துக்கொள்ளும். காகிதத்தைக் கீறுகிறோமே என்று பயப்பட வேண்டாம். இறக்கையின் நீளவாக்கில் கீறினால் வளைவு வலு குறையாது. குறுக்கே, அதாவது முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பை நோக்கிக் கீறினால்தான் ஆபத்து. சர்வோ ஒயருக்காக அடித்தோலைக் குறுக்கே பிளந்து, பிறகு அதே கோட்டில் இறக்கை முறிந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரண்டு பட்டையும் சேர்ந்து சுமார் 5 கிராம். அதே நீளத்தில் 4 மி.மீ. ராடு 20 கிராம். விறைப்பைக் கணக்கிட்டால், 22 மி.மீ. இடைவெளியில் நிற்கும் அந்த 5 கிராம் பட்டைகள் ராடைவிட ஏறத்தாழ 29 மடங்கு விறைப்பு தருகின்றன. எண்ணில் பிழை இருக்குமோ என்று நானும் முதலில் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன், அதேதான் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று: வெளிவிட்டம் 6, உள்விட்டம் 4 மி.மீ. உள்ள கார்பன் டியூப் உங்கள் ராடைவிடக் கால் பங்கு எடை கூட, விறைப்போ நான்கு மடங்கு. டியூப் நல்லதுதான், கழற்றி மாட்டும் இறக்கைக்கு அதுதான் வசதி. ஆனால் தள்ளித் தள்ளி வைத்த பட்டைகளோடு அது போட்டி போட முடியாது.

1.2 மீட்டர் இறக்கைக்கு 1 மீட்டர் பட்டை போதுமா? போதும். நடுவிலிருந்து நுனிக்குப் போகப் போகத் திருப்பு விசை மிக வேகமாகக் குறைகிறது. பாதித் தூரத்தில் கால் பங்குதான் மிச்சம். 50 செ.மீ. தள்ளிப் போனால் முப்பத்தாறில் ஒரு பங்கு. கடைசி 10 செ.மீ.-ஐ ஃபோமே பார்த்துக்கொள்ளும். நுனியில் எடை சேர்க்காமல் இருப்பது விமானம் சட்டென்று உருளவும் நல்லது.

கார்பன் கிடைக்கவில்லை என்றால் மூங்கில். இதை நான் இரண்டாந்தரமாகச் சொல்லவில்லை, எனக்கு மிகவும் பிடித்த பொருள் அது. 5 மி.மீ. அகலம், 2 மி.மீ. கனமாகச் சீவிய பிளாச்சு மேலொன்றும் கீழொன்றும் போட்டால் எடை 14 கிராம் அளவில் நிற்கும், விறைப்பில் மேலே சொன்ன கார்பன் பட்டைகளை நெருங்கிவிடும். கூடை, தட்டி முடைகிறவர்களிடம் கேட்டால் நன்றாகக் காய்ந்த பிளாச்சு தருவார்கள். மூங்கிலின் நார் வெளிப்பக்கத்தில்தான் நெருக்கமாக இருக்கும். ஆகவே சீவும்போது உள்பக்கச் சதையை எடுங்கள், பளபளப்பான வெளித்தோலை விட்டுவையுங்கள், ஒட்டும்போதும் அந்தத் தோல் இறக்கையின் வெளிப்பக்கம் பார்க்கட்டும். தோல் வழவழப்பாக இருப்பதால் பசை சேரும் ஓரங்களை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள். கணு வரும் இடம் இறக்கையின் நடுவில் வராமல் பார்க்க வேண்டும். நீளம் போதாமல் இரண்டை இணைக்க நேர்ந்தால் முனைகளைச் சாய்வாகச் சீவி, 2 மி.மீ. கனத்துக்கு 2 செ.மீ. நீளம் வருமாறு ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து ஒட்டி, நூலால் இறுக்கிச் சுற்றுங்கள். அந்த இணைப்பும் நடுவில் வேண்டாம், நுனிப்பக்கம் போகட்டும்.

இனி அந்த டேப். டேப்புக்கு இழுப்பைத் தாங்கத்தான் தெரியும். அமுக்கினால் அதுவும் காகிதத்தோடு சேர்ந்து சுருங்கும். மேலே பறக்கும் இறக்கையில் இழுப்பு இருப்பது கீழே. நீங்கள் மேல்பக்கம் முழுக்க ஒட்டிய டேப் ஈரத்திலிருந்தும் கீறலிலிருந்தும் காத்திருக்கும், டைவில் உதவியிருக்காது. நீளவாக்கில் கண்ணாடி நார் ஓடும் டேப் ஒன்றை அடிப்பக்கம், பட்டையை ஒட்டி ஒரே வரிசை ஒட்டுங்கள், போதும். தலைகீழாகப் பறக்கும் ஆசை இருந்தால் மட்டும் மேலேயும் ஒன்று.

மேல்தோல்தான் எப்போதும் முதலில் தோற்கும். மெல்லிய எதையும் இழுத்து அறுப்பது கடினம், அமுக்கி நெளியவைப்பது சுலபம். உங்கள் இறக்கையில் மடிப்பு விழுந்த இடத்தைப் பாருங்கள், அநேகமாக இரண்டு ரிப்களுக்கு நடுவில், உடலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கும். அங்கே மேல்தோலுக்கு முட்டுக்கொடுக்க உள்ளே ஒன்றுமில்லை. ரிப்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, பட்டைகளுக்கு நேர் நடுவில் ஃபோம் போர்டில் 1.5 செ.மீ. உயரத்துக்கு ஒரு துண்டு அறுத்து, சுவர்போல நிமிர்த்தி, மேலும் கீழும் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். இரண்டு பட்டையும் இந்தச் சுவரும் சேர்ந்ததைத்தான் ஸ்பார் என்கிறோம். இந்தச் சுவர் இல்லாவிட்டால் கார்பன் பட்டைகளால் பயனில்லை. நீளத்தில் பாதிக்குமேல் சுவர் ஒட்டாமல் தொங்கிக்கொண்டிருக்கும் இறக்கைகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். மடிப்பதற்கு முன், பசை போடாமல் ஒருமுறை மடித்துப் பார்த்து, சுவர் இரண்டு தோலையும் தொடுகிறதா என்று விளிம்பில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவினால் அங்கே காகிதத் துண்டு வைத்து உயர்த்துங்கள்.

ஃபோம் போர்டு தாள் பெரும்பாலும் 75 செ.மீ. அளவுக்குத்தான் கிடைக்கும் என்பதால் இறக்கையின் நடுவில் ஒட்டு வந்துவிடும். பாரம் மிக அதிகமான இடமும் அதுவே. உங்களுடையது நேர் இறக்கை, ஆகவே பட்டைகள் ஒட்டைத் தாண்டி ஒரே துண்டாக ஓடும்; கவலை குறைவு. டைஹெட்ரல் கொடுத்து நுனியை உயர்த்திக் கட்டுகிறவர்கள், அந்தக் கோணத்துக்கே அறுத்த 3 மி.மீ. பிளைவுட் துண்டைச் சுவரோடு சேர்த்து, பக்கத்துக்கு 10 செ.மீ. போகுமாறு எப்பாக்சியில் ஒட்ட வேண்டும். அதன் முனைகளைச் சதுரமாக வெட்டாமல் நீளச் சாய்வாக்குங்கள். வலுவான பொருள் சட்டென்று முடியும் இடத்தில் விசை குவிகிறது, அங்கே ஃபோம் கத்தியால் வெட்டியதுபோல் முறியும். என்னுடைய பழைய மோட்டார் கிளைடர் ஒன்று நடுவில் துளிகூடச் சேதமில்லாமல், இரண்டு பக்கமும் பிளைவுட் முடிந்த கோட்டிலேயே முறிந்தது. அதற்குப் பிறகு மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும்கூட ஒரே இடத்தில் முடியாமல் 3, 4 செ.மீ. முன்பின்னாக முடியுமாறு வைக்கிறேன்.

வளைவைப் போலவே முறுக்கும் இறக்கையைக் கொல்லும். ஒரு சார்ட் பேப்பரைக் குழாயாகச் சுருட்டி, ஓரத்தை ஒட்டாமல் இரண்டு முனையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், துணிபோல் முறுகும். ஓரத்தை நீளம் முழுக்க ஒட்டிவிட்டு முறுக்குங்கள், அசையாது. மடித்த இறக்கையும் மூடிய குழாய்தான். பின்விளிம்பில் ஒட்டு விட்டுப் போனால் அது திறந்த குழாயாகிவிடுகிறது. அப்போது வேகத்தில் ஏலரான் (விமானத்தை உருட்டும் பின்விளிம்பு மடல்) ஒரு பக்கம் இறக்கையை முறுக்கும், இறக்கை எதிர்ப்பக்கம் திரும்பும், சில நொடிகளில் படபடவென்று அடிக்க ஆரம்பித்து எல்லாம் பிய்ந்துபோகும். பறக்கும்போது தையல் மெஷின் ஓடுவதுபோல் சத்தம் கேட்டால் உடனே திராட்டிலைக் குறைத்து, மெதுவாக நிமிர்த்தி இறக்குங்கள். ஒவ்வொரு நாளும் பறக்கவிடும் முன் பின்விளிம்பை நகத்தால் நெருடிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஏலரான் கம்பியில் ஆட்டம் இருக்கக் கூடாது. மடிக்காத தட்டை இறக்கையாக இருந்தால் பட்டைகளைப் பெருக்கல் குறிபோலக் குறுக்காக ஒட்டுவதுதான் முறுக்குக்கு மருந்து. உள்ளரங்கப் போட்டிகளில் பறக்கும் 3 மி.மீ. டெப்ரான் (மெல்லிய ஃபோம் தாள்) விமானங்கள் 100 கிராமுக்கும் குறைவான எடையில் அவ்வளவு விறைப்பாக இருப்பது, மெல்லிய கார்பன் கம்பிகளால் கோணங்கோணமாக முட்டுக்கொடுப்பதால்தான்.

பசை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். தெர்மாகோல், டெப்ரான் போன்றவற்றைச் சாதாரண சூப்பர் க்ளூவும் கரைப்பான் கலந்த ரப்பர் பசைகளும் தின்றுவிடும். ஃபோமுக்கென்று விற்கும் வகை வேண்டும். பட்டைக்கும் பிளாச்சுக்கும் 30 நிமிட எப்பாக்சி, மெல்லியதாக. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை காகிதத்தோடு காகிதம் ஒட்ட அருமையானது, ஆனால் நீர் வெளியேற வழி இல்லாத இடத்தில் நாள்கணக்கில் காயாது. க்ளூ கன் வேகமானது, சுவர் ஒட்ட ஏற்றது, ஆனால் வெயிலில் மூடிய காருக்குள் வைத்தால் இளகும். கறுப்பு இறக்கை என்றால் இன்னும் சீக்கிரம். எந்தப் பசையையும் தாராளமாக ஊற்றாதீர்கள், மிச்சப்படுத்திய 15 கிராமும் அதிலேயே போய்விடும். இன்னொன்று: கடையில் சன்போர்டு என்று கேட்டால் பெரும்பாலும் பிவிசி தகட்டைக் கொடுப்பார்கள். 5 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 2 கிலோவுக்கு மேல் வரும், இறக்கைக்கு ஆகாது.

உங்கள் விமானம் உடலுக்கு மேலே இறக்கை வைத்த மாதிரி என்றால் முட்டுக்கம்பி என்ற எளிய வழியும் உண்டு. உடலின் அடியிலிருந்து இறக்கையின் பாதித் தூரத்துக்கு ஒரு மூங்கில் குச்சி. தூக்கும்போது அது இழுபடுவதால் மெல்லிய குச்சியே போதும், நடுவில் வரும் திருப்பு விசை பெரிதும் குறைந்துவிடும். இரண்டு முனையிலும், அதாவது இறக்கைக்குள்ளும் உடலுக்குள்ளும், சின்னப் பிளைவுட் தட்டு வைத்துத் திருகுங்கள், வெறும் ஃபோமில் திருகு நிற்காது. காற்றுத்தடை கொஞ்சம் கூடும், பயிற்சி விமானத்துக்கு அது பெரிய விஷயமில்லை.

புது இறக்கை முடிந்ததும் பறக்கவிடாதீர்கள், முதலில் எடை வைத்துப் பாருங்கள். இறக்கையைத் தலைகீழாகத் திருப்பி, நடுப்பகுதியை மட்டும் உடலின் அகலத்துக்கு இரண்டு புத்தகங்கள்மேல் வையுங்கள். 5 ஜிக்குத் தேவை 3250 கிராம். தலைகீழாக இருப்பதால் இறக்கையின் 250 கிராமும் சேர்ந்து அழுத்துகிறது. ஆகவே மணல் 3 கிலோ போதும். 250 கிராம் பொட்டலங்களாகப் பன்னிரண்டு கட்டி, பக்கத்துக்கு ஆறு, ஸ்பார் இருக்கும் கோட்டின்மேல் நடுவிலிருந்து நுனிவரை சம இடைவெளியில், இரண்டு பக்கமும் மாறிமாறி வையுங்கள். பாதி பாரத்தில் நிறுத்தி நுனி எவ்வளவு இறங்கியது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முழு பாரத்தில் அதன் இரண்டு மடங்குக்கு அருகில் இருக்க வேண்டும். அதைவிட நிறைய இறங்கினால் உள்ளே எங்கோ ஒட்டு நழுவுகிறது. எடையை எடுத்ததும் நுனி பழைய இடத்துக்கே திரும்பி வர வேண்டும். பிறகு இறக்கையை நிமிர்த்தி, மேல்தோலைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மயிரிழை அளவுக்குக் குறுக்குச் சுருக்கம் தெரிந்தாலும் அந்த இடத்தில் மேல்பட்டையின் பக்கத்தில் 20 செ.மீ. நீளத்துக்கு இன்னொரு பட்டையைப் புதைத்து, எப்பாக்சி ஒரு நாள் காய்ந்த பிறகு மறுபடியும் அதே 3 கிலோவை வைத்துப் பாருங்கள்.